கயிறும் வேணும், பழந்துணியும் வேணும்: விசுவாசத்தை உதவியா செய்யறது எப்படி

பைபிள்ல எரேமியா 38-ஆம் அதிகாரத்தை நிறைய பேர் வேகமா தாண்டிப் போயிடறோம், ஆனா யாருக்காவது ஏதாவது செய்யணும்னு மனசுல பாரம் இருக்கறவங்க முதல்ல உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம் அதுதான்னு எனக்கு தோணும். எரேமியா தீர்க்கதரிசியை ஒரு துரவுக்குள்ள இறக்கி விட்டுட்டாங்க, தண்ணி கிடையாது, வெறும் சேறு, அவர் அதுல அமிழ்ந்துட்டு இருக்கார். அரண்மனையில இருந்த எபெத்மெலேக்னு ஒரு எத்தியோப்பியர், வேற தேசத்து ஆளு, நேரா ராஜா கிட்ட போய் பேசி 30 பேரை கூட்டிட்டு கிளம்பறார். ஆனா கயிறை மட்டும் எடுத்துட்டு துரவுக்கு ஓடிடல, பொக்கிஷ அறைக்கு கீழ போய் கிழிஞ்ச பழைய துணியெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு போறார், அதை உள்ள இறக்கி, இதை அக்குள்ல வச்சுக்கிட்டு கயிறை போட்டுக்கோங்கன்னு மேல இருந்து சொல்றார். சேத்துல சிக்கின உடம்பை வெறும் கயிறு கட்டி இழுத்தா அக்குள் என்ன ஆகும்னு அந்த அவசரத்துலயும் யோசிச்சிருக்கார் பாருங்க.

நாம பண்ற பல உதவியில கயிறு இருக்கு, துணி இல்ல. பணம் போய் சேருது, அரிசி பருப்பு போய் சேருது, ஆனா வாங்கினவங்க கூனிக்குறுகிப் போயிடறாங்க. விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் செத்ததுன்னு யாக்கோபு எழுதினது எல்லாருக்கும் மனப்பாடம், அதனால என்ன செய்யணும்னு நான் இங்க பெருசா சொல்லப் போறதில்ல, எப்படி செய்யணும்னுதான் எழுதறேன், ஏன்னா நல்ல மனசு இருக்கறவங்க கூட தடுமாறறது அங்கதான்.

யாரு கிட்ட இருந்து ஆரம்பிக்கறது

முதல்ல உங்க கை நிழல்ல இருக்கறவங்களை பாருங்க. உங்க வீட்டுல வேலை செய்யறவங்க, உங்க கடையில, உங்க ஆபீஸ்ல உங்களுக்கு கீழ வேலை பாக்கறவங்க, இவங்களுக்கு சம்பளம் சொன்ன தேதியில போகுதா? யாக்கோபு 5-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனம் அறுப்பு அறுத்தவங்களோட பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னு சொல்லுது. கூலியை இழுத்தடிச்சுட்டு சபையில பெரிய காணிக்கை போடறதுல எந்த இரக்கமும் இல்ல, இதை நான் கடுமையாவே சொல்றேன். அதே மாதிரி வயசான அப்பா அம்மா, பேசாம விட்டுப்போன தம்பி, இவங்களை எல்லாம் விட்டுட்டு நேரா வெளிய ஊழியத்துக்கு கிளம்பறதும் சரி வராது, சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலிச்சவன்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்காரு.

அப்புறம் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கோங்க. ஏழைகள், அநாதைகள், விதவைகள்னு கூட்டமா யோசிச்சா கை கால் ஓடாது. போன மாசம் வரைக்கும் ஆராதனைக்கு வந்துட்டு இருந்து இப்ப வராம போன ஒருத்தர், மாடிப்படி ஏற முடியாம வீட்டோட இருக்கற ஒரு பாட்டி, வேலை போய் யார் கிட்டயும் சொல்லாம இருக்கற ஒரு அண்ணன், இப்படி பேர் சொல்லி ஜெபிக்கற மாதிரி ஒருத்தர். அவங்க பேரை சொல்லி ஒரு வாரம் ஜெபம் பண்ணுங்க, ஜெபத்துல ஒரு ஆளை தினமும் நினைச்சாலே அவங்களுக்கு என்ன கஷ்டம் இருக்கும்னு கண்ணுல பட ஆரம்பிக்கும்.

மத்தேயு 25-ல இயேசு சொல்ற பட்டியலை ஒரு தடவை நிதானமா வாசிச்சு பாருங்க, பசி, தாகம், அந்நியன், வஸ்திரமில்லாதவன், வியாதி, காவல். பசிக்கு ஆகாரம் கொடுத்தீங்க, தாகத்துக்கு தண்ணி கொடுத்தீங்கன்னு சொல்றவரு, வியாதிக்கு வரும்போது என்னை சுகமாக்கினீங்கன்னு கேக்கல, விசாரிக்க வந்தீங்கன்னு சொல்றாரு. காவல்ல இருந்தப்ப விடுதலை பண்ணினீங்கன்னு சொல்லல, பாக்க வந்தீங்கன்னு சொல்றாரு. நம்மால தீர்த்து வைக்க முடியாத கஷ்டத்துக்கு கிட்ட போக பயந்துதான் பாதி பேர் ஒதுங்கறோம், அவரு கேட்டது போய் நிக்கறதை மட்டும்தான்.

கேளுங்க, ஆனா சரியா கேளுங்க

பர்திமேயு குருடன்னு எரிகோவுல இருந்த எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு என்ன வேணும்னும் சின்னப் புள்ளைக்கு கூட தெரியும். அப்படி இருந்தும் இயேசு நின்னு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்னு கேக்கறாரு. அவன் வாயால சொல்லட்டும்னு விடறாரு. அது வரைக்கும் அவனை பேசாதேன்னு அதட்டிட்டு இருந்த கூட்டத்துக்கு நடுவுல அவன் குரலுக்கு ஒரு மதிப்பு கிடைக்குது. உதவி செய்யறதுல இதுதான் முதல் துணி.

ஆனா நாம கேக்கற விதம் இருக்கே, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க பிரதர்"னு சொல்லிட்டு கிளம்பிடறோம். கஷ்டத்துல இருக்கறவங்க அப்புறம் போன் பண்ணி கேக்கவே மாட்டாங்க, கேக்கறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ல. அதனால நீங்க என்ன செய்ய முடியும்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டு போங்க, போய் ரெண்டு மூணு விஷயத்தை எடுத்து வைங்க. "நாளைக்கு சாயங்காலம் எனக்கு வேலை இல்லக்கா, ஆஸ்பத்திரியில உங்களுக்கு பதிலா நான் உட்காரவா, இல்ல பசங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரவா, எது உங்களுக்கு சுலபம்?" இப்படி கேட்டா அவங்க யோசிக்க வேண்டியது இல்ல, தேர்ந்தெடுத்தா போதும். ரெண்டும் வேணாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க, முதல் தடவை வேணாம்னு சொல்றது பழக்கம், ரெண்டாவது தடவை கேக்கும்போதுதான் இவங்க சும்மா வாய் வார்த்தைக்கு கேக்கலன்னு நம்புவாங்க.

வியாதிப்படுக்கையில இருக்கறவங்களை பாக்கப் போறது

இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா சபையில இருக்கற எல்லாரும் என்னைக்காவது செய்யற காரியம் இது, சரியா செய்யறவங்க ரொம்ப கம்மி.

போறதுக்கு முன்னாடி போன் பண்ணி வரலாமான்னு கேளுங்க, நோயாளி கிட்ட கேக்காதீங்க, கூட இருக்கறவங்க கிட்ட கேளுங்க. பத்து பேரா போகாதீங்க, ரெண்டு பேர் போதும். உங்களுக்கு சளி, இருமல் இருந்தா போகவே கூடாது, ஜெபத்தை போன்ல பண்ணிக்கலாம். உள்ள போனதும் உட்காருங்க, இது சின்ன விஷயமா தெரியும், ஆனா படுத்திருக்கறவங்களுக்கு நின்னுட்டு பேசற ஆளை பாத்தா இவரு எப்ப கிளம்புவாருன்னுதான் தோணும், உட்கார்ந்தா அஞ்சு நிமிஷம் கூட அரை மணி நேரம் மாதிரி இருக்கும். அவங்க முகத்துக்கு நேரா உங்க முகம் இருக்கற மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க.

இதே வியாதி எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சுன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த சித்தப்பா பொழைச்சிருந்தாலும் சரி இல்லன்னாலும் சரி. எந்த டாக்டர், என்ன மருந்து, ஏன் அந்த ஆஸ்பத்திரிக்கு போகலன்னு விசாரணை வேணாம். உங்க விசுவாசம் குறைவா இருக்கு, ஏதோ பாவம் இருக்கு, அறிக்கை பண்ணுங்கன்னு படுக்கையில கிடக்கறவங்க கிட்ட சொல்றவங்களை நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. பிறவிக் குருடனை பாத்து இவன் செஞ்ச பாவமா, இவனை பெத்தவங்க செஞ்ச பாவமான்னு சீஷர்கள் கேட்டப்ப இயேசு ரெண்டும் இல்லன்னு யோவான் 9-ல முடிச்சு வச்சுட்டாரு, நாம அதை மறுபடி திறக்க வேண்டியதில்ல.

ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டுட்டு பண்ணுங்க, பக்கத்து பெட்ல தூங்கறவங்க இருப்பாங்க, மெதுவா, ரெண்டு நிமிஷத்துல முடிக்கலாம். ஒரு சங்கீதம் வாசிக்கணும்னா 23-ஓ 121-ஓ போதும். கையை பிடிக்கலாமான்னு பாருங்க, ஊசி போட்ட கையா இருந்தா வேணாம். குஷ்டரோகியை வார்த்தையாலயே சுகமாக்க முடிஞ்சவரு கையை நீட்டி தொட்டாருன்னு மாற்கு 1:41-ல இருக்கு, எத்தனை வருஷமா அந்த மனுஷனை யாரும் தொடாம இருந்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு அடைக்கும்.

முக்கியமா, நோயாளிக்கு பக்கத்துல நாள் கணக்கா உட்கார்ந்திருக்கற அந்த மனைவியோ மகனோ இருக்காங்களே, எல்லாரும் வந்து பேஷண்ட்டை விசாரிச்சுட்டு போயிடுவாங்க, இவங்க சாப்பிட்டாங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க அவங்க கிட்ட போய், "நான் இங்க ரெண்டு மணி நேரம் இருக்கேன், நர்ஸ் என்ன கேட்டாலும் உங்களுக்கு போன் பண்றேன், நீங்க வீட்டுக்கு போய் குளிச்சுட்டு கொஞ்சம் படுத்துட்டு வாங்க"ன்னு சொல்லிப் பாருங்க. எந்த மாத்திரை எப்ப, டாக்டர் ரவுண்ட்ஸ் எப்ப வருவாரு, இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்கு, எல்லாம் ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கோங்க. பழக்கூடை வாங்கிட்டு போறதை விட இது நூறு மடங்கு உபயோகம். போன் சார்ஜர் ஒண்ணு கையில எடுத்துட்டு போங்க, எப்பவுமே தேவைப்படும்.

சாகற நிலையில இருக்கறவங்களை பாக்கப் போறது இன்னும் கஷ்டம். சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு விசுவாசி, நர்ஸா இருந்து, சமூக சேவகியா இருந்து, அப்புறம் டாக்டருக்கும் படிச்சவங்க, 1967-ல லண்டன்ல கடைசி நாட்கள்ல இருக்கறவங்களுக்குன்னே ஒரு இல்லம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு உலகம் பூரா இருக்கற ஹாஸ்பிஸ் சேவைக்கு அது ஒரு முன்மாதிரி. உடம்பு வலியோட மனசு வலி, குடும்ப கவலை, தேவன் ஏன் இப்படி விட்டாருங்கற ஆத்தும வலி எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனுஷனுக்கு வலிக்குதுன்னு அவங்க சொன்னாங்க. அதனால அப்படி ஒருத்தர் கிட்ட போகும்போது, சுகமாயிடுவீங்கன்னு அடிச்சு சொல்லாதீங்க, அவங்க எதை பத்தி பேச வர்றாங்களோ அதை பேச விடுங்க, பிள்ளையோட கல்யாணம், அடைக்காத கடன், யார் கிட்டயோ மன்னிப்பு கேக்கணும்னு ஒரு ஆசை, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். அந்த போனை போட்டு குடுக்கறது கூட உங்க ஊழியம்தான்.

துக்க வீடு

பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவோட மூணு சிநேகிதரும் முதல் ஏழு நாள் ரொம்ப நல்லா இருந்தாங்க, தரையில கூட உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசல, துக்கம் மகா கொடிதுன்னு கண்டதால. வாயை திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு, கடைசியில அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்னு பேர் வாங்கினாங்க. கர்த்தருக்கு தேவைப்பட்டாரு அதான் எடுத்துக்கிட்டாரு, எல்லாம் நன்மைக்கு ஏதுவா நடக்கும், உங்களுக்கு இன்னும் ரெண்டு பிள்ளை இருக்குல்ல, இதெல்லாம் சொல்றவங்க மனசு கெட்டவங்க இல்ல, என்ன சொல்றதுன்னு தெரியாத பதட்டத்துல வர்றது. அந்த பதட்டத்தை நீங்க தாங்கிக்கோங்க, அவங்க மேல இறக்காதீங்க. போனவங்க பேரை சொல்லி ஒரு நினைவை சொல்லுங்க, அது போதும், "அண்ணன் ஒரு தடவை எனக்கு இப்படி பண்ணினாரு"ன்னு. லாசரு கல்லறை கிட்ட, அவனை எழுப்பப் போறோம்னு தெரிஞ்ச இயேசுவே அழுதாரு.

எங்க சபையில ஒரு அக்கா இருக்காங்க, அவங்க கிட்ட ஒரு சின்ன டைரி உண்டு. யார் வீட்டுல மரணம் நடந்தாலும் அந்த தேதியை எழுதிக்குவாங்க, அப்புறம் மூணு மாசம் கழிச்சு ஒரு பக்கத்துல, ஆறு மாசம் கழிச்சு ஒரு பக்கத்துல, வருஷம் திரும்பற நாள்ல, இறந்தவங்க பிறந்த நாள்ல, எல்லா இடத்துலயும் அந்த பேரை எழுதி வச்சிடுவாங்க. அந்தந்த நாள் வந்ததும் போன் பண்ணுவாங்க, இல்ல நேர்ல போவாங்க. முதல் வாரம் வீடு நிறைய ஜனம் இருக்கும், மூணாவது மாசம் யாரும் இருக்க மாட்டாங்க, அப்பதான் அந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு நிஜமாவே ஆளு போயிட்டாங்கன்னு உறைக்க ஆரம்பிக்கும். இந்த டைரி முறையை நீங்க அப்படியே எடுத்துக்கலாம், போன்ல ரிமைண்டர் போட்டாலும் சரிதான்.

இன்னொண்ணு, பேப்பர் வேலை. இறப்பு சான்றிதழ், பேங்க் அக்கவுண்ட், பென்ஷன், இன்சூரன்ஸ், வண்டி பேரு மாத்தறது, ஒவ்வொரு கவுண்டர்லயும் என் புருஷன் செத்துட்டாருன்னு அந்த அம்மா புதுசா சொல்ல வேண்டியிருக்கும். ஃபார்ம் நிரப்பத் தெரிஞ்ச ஒருத்தர் கூட போய் வரிசையில நின்னு, பேச வேண்டியதை பேசினா, அது எத்தனை பிரசங்கத்துக்கு சமம்னு எனக்கு சொல்லத் தெரியல. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவங்க உபத்திரவத்துல விசாரிக்கறதுதான் மாசில்லாத பக்தின்னு யாக்கோபு சொன்னதுக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கு.

பணம் கொடுக்கறது

ரூத் புஸ்தகத்துல போவாஸ்ங்கற வயல்காரர் பண்ணினதை பாருங்க. வயல் ஓரத்தை முழுசா அறுக்காம ஏழைக்கும் பரதேசிக்கும் விடணும்னு லேவியராகமம் 19-ல சட்டமே இருந்துச்சு, வேற தேசத்துல இருந்து வந்த விதவை ரூத் அந்த உரிமையிலதான் கதிர் பொறுக்க வந்தா. அவரு நினைச்சிருந்தா ஒரு மூட்டையை தூக்கி குடுத்திருக்கலாம், ஆனா வேலைக்காரங்களை கூப்பிட்டு, அரிக்கட்டுல இருந்து வேணும்னே கொஞ்சம் சிந்தி விடுங்க, அவ பொறுக்கிக்கட்டும், அதட்டாதீங்கன்னு சொல்றாரு. அவ உழைச்சு சம்பாதிச்ச மாதிரி வீட்டுக்கு கொண்டு போறா.

நாமும் அப்படி வழி தேடலாம். வேலை கொடுக்க முடிஞ்சா வேலை கொடுங்க, அவங்க விக்கற பொருளை வாங்க முடிஞ்சா பேரம் பேசாம வாங்குங்க. நேரா பணமா குடுக்கணும்னா தனியா இருக்கும்போது குடுங்க, சபை வாசல்ல வச்சு கையில திணிக்காதீங்க. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மருந்துக்கடை பில் மாதிரி இருந்தா அவங்க சம்மதம் கேட்டுட்டு நேரா அங்கயே கட்டிடலாம், வாங்கற கூச்சம் கம்மியா இருக்கும். கடனா குடுக்கறதா இருந்தா, அது திரும்பி வரலன்னாலும் உறவு முறியாத அளவுக்கு மட்டும் குடுங்க, இல்லன்னா இது கடன் இல்ல, வச்சுக்கோங்கன்னு முதல்லயே தெளிவா சொல்லிடுங்க. பாதி கடன் பாதி தானம்னு குழப்பமா விட்டா அவங்க உங்களை பாத்ததும் ஒளிய ஆரம்பிச்சிடுவாங்க, நீங்க ஒரு ஆளையே இழந்துடுவீங்க.

போட்டோ எடுக்காதீங்க. அரிசி மூட்டையை பிடிச்சுட்டு ஒரு அம்மா கேமராவை பாக்கறதும் நாலு பேர் சிரிச்சுட்டு நிக்கறதும் பாத்தா எனக்கு தாங்காது, அந்த அம்மாவோட பிள்ளை நாளைக்கு அந்த போட்டோவை பாப்பான். வலது கை செய்யறதை இடது கை அறியக்கூடாதுன்னு சொன்னவரோட பேர்லதான் இதையும் செய்யறோம். நன்கொடை குடுத்தவங்களுக்கு கணக்கு காட்டணும்னா ரசீதை காட்டுங்க, முகத்தை காட்ட வேண்டியதில்ல.

கணக்குன்னு சொன்னதும் ஞாபகம் வருது, பலர் காசு சேர்த்து செய்யறீங்கன்னா ஒருத்தர் கையில மட்டும் வைக்காதீங்க. எருசலேம் ஏழைகளுக்காக சபைகள் கிட்ட பணம் சேர்த்தப்ப பவுல் தான் மட்டும் தூக்கிட்டு போகல, சபைகள் தெரிஞ்செடுத்த சகோதரர்களை கூட வச்சுக்கிட்டாரு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமில்லாம மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமா நடக்கணும்னு 2 கொரிந்தியர் 8-ல காரணமும் சொல்றாரு. ரெண்டு பேர் கையெழுத்து, ஒரு நோட்டு, மாசா மாசம் வாசிச்சு காட்டறது, இதுக்கு மேல பெருசா எதுவும் வேணாம்.

தெரியாததை கத்துக்கிட்டு செய்யுங்க

பின்னாடி வேலூர்ல ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதை எல்லாருக்கும் தெரியும், மிஷனரி டாக்டரான அப்பாவோட திண்டிவனத்துல இருந்தப்ப ஒரே ராத்திரியில மூணு வீட்டுல இருந்து பிரசவத்துக்கு பெண் டாக்டர் வேணும்னு வந்து கேட்டாங்க, ஆண் டாக்டரை உள்ள விட மாட்டோம்னாங்க, மூணு பெண்களும் செத்துப்போனாங்க. அதை கேட்டு மனசு உடைஞ்ச அந்த இளம்பெண் மறுநாளே ஏதோ ஒரு உதவி பண்ணிட்டு திருப்திப்படல, அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சாங்க, 1899-ல படிப்பை முடிச்சு, 1900-ல வேலூர்ல ஒரு கட்டில் போட்டு வைத்தியம் பாக்க ஆரம்பிச்சாங்க, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே துவங்கிட்டாங்க. அதே வேலூர்ல பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் குஷ்டரோகிகளோட மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தினாரு, ஆனா கை சரியானா போதுமா, சோத்துக்கு என்ன வழின்னு யோசிச்சு தொழில் கத்துக்குடுக்கவும் ஒரு இடம் உண்டாக்கினாங்க. மனதுருக்கம் வந்தா உடனே ஓடணும்ங்கறது இல்ல, சில சமயம் ஒரு கோர்ஸ் சேரணும். முதலுதவி, சைகை மொழி, வயசானவங்களை படுக்கையில இருந்து முதுகு பிடிக்காம தூக்கறது, டயாலிசிஸ் நோயாளிக்கு என்ன சாப்பாடு ஆகாது, இப்படி உங்க ஆளுக்கு எது தேவையோ அதை கத்துக்கோங்க.

உங்களால ஆகாததும் இருக்கு, அதை ஒத்துக்கறதும் அன்புதான். யாராவது செத்துப்போலாம்னு தோணுதுன்னு சொன்னா ஜெபத்தோட நிறுத்தாதீங்க, தனியா விடாம கூடவே இருந்து டாக்டர் கிட்ட கூட்டிட்டு போங்க. வீட்டுல அடி வாங்கற பெண் கிட்ட பொறுத்துப்போங்க, ஜெபிங்க, மாறிடுவாருன்னு சொல்லி திருப்பி அனுப்பாதீங்க, பாதுகாப்பான இடமும் சட்ட உதவியும் முதல்ல. பிள்ளைகள் நடுவுல சேவை பண்றவங்க தனியா ஒரு பிள்ளையோட மூடின அறையில இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பெரியவங்க, கதவு திறந்து, இது பாஸ்டருக்கும் சேர்த்துதான். ஒரு பிள்ளை ஏதாவது தப்பா நடந்ததா சொன்னா நம்புங்க, சபை பேரு கெட்டுடும்னு மூடி மறைக்காம காவல்துறைக்கு கொண்டு போங்க.

சபையா சேர்ந்து செய்யும்போது

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்துல ஒரு நல்ல பாடம் இருக்கு. தினமும் பந்தி விசாரிக்கறதுல கிரேக்கு பேசற விதவைகள் விடுபட்டுப் போறாங்கன்னு முறுமுறுப்பு வந்துச்சு, அப்ப தெரிஞ்செடுத்த ஏழு பேர் பேரை பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பேரு. விடுபட்டுப் போன பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்பை குடுத்த மாதிரி தெரியுது. அதனால உங்க சபையில ஒரு உதவிக் குழு போடறீங்கன்னா வசதியா இருக்கறவங்க மட்டும் உட்கார்ந்து பட்டியல் போடாதீங்க, ஒரு காலத்துல உதவி வாங்கினவங்க, வாடகை வீட்டுக் கஷ்டம் தெரிஞ்சவங்க, சக்கர நாற்காலியில வர்றவங்க, இவங்களை குழுவுல வைங்க. எந்த வீட்டுக்கு எப்படி போகணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். பெரிய விழா எடுத்து ஒரே நாள்ல நூறு பேருக்கு போர்வை குடுக்கறதை விட நாலு வீட்டை வருஷம் பூரா விடாம விசாரிக்கறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். நல்ல சமாரியன் காயம் கட்டினதோட போகல, சத்திரத்துல சேர்த்து ராத்திரி கூட இருந்து, மறுநாள் சத்திரத்தான் கையில ரெண்டு வெள்ளிக்காசு குடுத்து, அதுக்கு மேல செலவானா திரும்பி வரும்போது தர்றேன்னு சொல்லிட்டுத்தான் போறான்.

சில கஷ்டம் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல இருந்து வரும், அப்ப அங்கயும் கையை வைக்கணும், நுகத்தடியின் பிணையல்களை அவிழ்க்கறதும் நான் விரும்பற உபவாசம்னு ஏசாயா 58-ல கர்த்தர் சொல்றாரே. இங்கிலாந்து பாராளுமன்றத்துல வில்லியம் வில்பர்போர்ஸ் அடிமை வியாபாரத்துக்கு எதிரா கொண்டு வந்த மசோதா 1791-ல தோத்துச்சு, 1807-லதான் அந்த வியாபாரத்துக்கு தடை வந்துச்சு, அடிமைத்தனத்தை ஒழிக்கற சட்டம் வர 1833 ஆச்சு. நியாயத்துக்கு நிக்கறவங்க அவ்வளவு பொறுமையோட நிக்கணும்.

சாட்சி, நன்றி, களைப்பு

சுவிசேஷம் சொல்லக் கூடாதான்னு கேப்பீங்க. சொல்லலாம், அவங்க கேட்டா மனசார சொல்லுங்க, ஏன் இப்படி செய்யறீங்கன்னு கேக்கும்போது இயேசுவுக்காகன்னு சொல்ல வெக்கப்படவே கூடாது. ஆனா உதவியை தூண்டிலா போடாதீங்க, கூட்டத்துக்கு வந்தாதான் மளிகைப் பை, ஞானஸ்நானம் எடுத்தாதான் ஃபீஸ்னு ஆச்சுன்னா அது அன்பும் இல்ல, சுவிசேஷமும் இல்ல. பத்து குஷ்டரோகிகள் சுகமானாங்க, ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், மத்த ஒன்பது பேர் கிட்ட இருந்து சுகத்தை இயேசு திரும்ப எடுத்துக்கல. தன்னை பிடிக்க வந்த கூட்டத்துல இருந்த மல்குஸோட வெட்டுப்பட்ட காதையும் தொட்டு சுகமாக்கினாரு. நீங்க வருஷக்கணக்கா பாத்துக்கிட்ட ஒருத்தர் சபைப் பக்கம் எட்டிப் பாக்காம போகலாம், உங்களை பத்தி தப்பா கூட பேசலாம், அப்பவும் அவங்களுக்கு மாத்திரை வாங்கிக் குடுக்கற நாள் வந்தா வாங்கிக் குடுங்க. ஏமாத்தறாங்கன்னு நிச்சயமா தெரிஞ்சா பணம் குடுக்கறதை நிறுத்தலாம், பேசறதை நிறுத்தாதீங்க.

அப்புறம் நீங்க களைச்சுப் போவீங்க, கண்டிப்பா. எரிச்சல் வரும், போன் அடிச்சா அவங்க பேரை பாத்ததும் எடுக்க மனசு வராது, ஜெபம் வறண்டு போகும், இதுதான் அறிகுறி. சூரைச்செடி கீழ படுத்து போதும் கர்த்தாவேன்னு சொன்ன எலியாவுக்கு தூதன் உபதேசம் பண்ணல, தட்டி எழுப்பி அடையும் தண்ணியும் குடுத்து, சாப்பிட்டு தூங்கவிட்டு, மறுபடி எழுப்பி சாப்பிடச் சொன்னான். சாப்பிடக் கூட நேரமில்லாம இருந்த சீஷர்களை தனித்துச் சற்றே இளைப்பாற வாங்கன்னு இயேசுவே கூப்பிட்டாரு. அதனால வாரத்துல ஒரு நாள் யாரையும் போய் பாக்காதீங்க, அன்னைக்கு அந்த வீட்டுக்கு யாரு போவாங்கன்னு முன்னாடியே இன்னொருத்தர் கிட்ட சொல்லி வைங்க, அவங்களை ஒரு தடவை கூட கூட்டிட்டு போய் அறிமுகமும் பண்ணிடுங்க. மாத்திரை நேரம், வீட்டு சாவி யார் கிட்ட இருக்கு, பாட்டிக்கு எந்த காதுல கேக்கும்ங்கறது வரைக்கும் எழுதி குடுத்துடுங்க, நீங்க இல்லாத நாள்லயும் அது நடக்கணும்.